சாவி தொலைஞ்சா... புதுப்பேட்டை!

புதுப்பேட்டைன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? 2006-ல வந்த செல்வராகவன் படம், தனுஷ், கொக்கி குமார்... கரெக்டா? ‘அந்த ஏரியாவுக்கா? ஆளை விடுப்பா’ன்னு ஜகா வாங்காதீங்க பாஸ்! நிஜ புதுப்பேட்டையில அரிவாளைவிட ஸ்பேனர்தான் அதிகம். நாலு வருஷம் காலேஜ்ல உட்கார்ந்து படிக்கிற ஆட்டோமொபைலை, நாலு மணி நேரத்துல நடந்தே படிச்சு முடிக்கிற இடம் அது.

போற வழி ரொம்ப சிம்பிள். எழும்பூர் ரயில் நிலையத்துல இறங்கினா நடந்தே போயிடலாம். பறக்கும் ரயில்ல வர்றவங்க சிந்தாதிரிப்பேட்டையில இறங்கி கூவத்தைத் தாண்டினா போதும். கூவம் வாசனை வந்துச்சுன்னா கிட்ட வந்துட்டீங்கன்னு அர்த்தம். அந்த வாசனையோட கிரீஸும் பழைய டீசலும் கலந்து மூக்குல ஏறுச்சுன்னா... வந்தே சேர்ந்துட்டீங்க!

முதல் தெருவுலயே கண்ணு ரெண்டும் போதாது. வாசலுக்கு வாசல் கார் கதவுகள் துணி காயப்போட்ட மாதிரி தொங்கும். ஹெட்லைட்டுகளை அடுக்கி வெச்சிருக்கறதைப் பார்த்தா, நூறு பேர் உங்களையே முறைச்சுப் பார்க்கிற மாதிரி இருக்கும். ஒரு கடையில வெறும் ஸ்டீயரிங். பக்கத்துக் கடையில வெறும் கியர் பாக்ஸ். அதுக்குப் பக்கத்துல ஸ்டூல்ல உட்கார்ந்து டீ குடிச்சுட்டு இருக்கறவர்கிட்ட, “அண்ணே, அம்பாஸிடர் கதவு கைப்பிடி இருக்கா?”ன்னு கேட்டுப் பாருங்க. “இடதா, வலதா? எந்த வருஷ வண்டி?”ன்னு டீயைக் கீழ வைக்காமலே திருப்பிக் கேட்பார்!

நான் போனது கைப்பிடி வாங்க இல்லை. சாவிக்காக.

எடைக்குப் போடறதா?

எங்க சித்தப்பாகிட்ட ஒரு 1998 மாருதி 800 இருக்கு. வெள்ளை கலர். எங்க தாத்தா தன்னோட ரிட்டையர்மென்ட் பணத்துல வாங்கினது. குரோம்பேட்டை வீட்டு வாசல்ல இன்னிக்கும் கம்பீரமா நிக்குது. கோயம்பேடு மார்க்கெட் கூட்டத்துல ஒருநாள் சித்தப்பாவோட சாவிக்கொத்து காணாமப் போச்சு. கார் சாவியும் அதுலதான். ரெண்டாவது சாவியாச்சும் இருக்கான்னா, அது பத்து வருஷத்துக்கு முன்னால வீடு மாறினப்பவே மாயமாகிடுச்சு.

அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒண்ணு இருந்துச்சு. அந்தக் கொத்துல ஒரு பிளாஸ்டிக் டேக். அதுல வீட்டு விலாசம்! ‘கண்டெடுத்தவங்க கொண்டுவந்து கொடுப்பாங்க’ங்கற நம்பிக்கையில சித்தப்பாவே எழுதி வெச்சது. நல்லவன் கையில கிடைச்சா சாவி வரும். மத்தவன் கையில கிடைச்சா கார் போகும்!

வீட்டுச் சாவியும் அதே கொத்துல இருந்ததால கதவுப் பூட்டை அன்னிக்கே மாத்தியாச்சு. காருக்கு என்ன பண்றது? தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் வந்து பார்த்துட்டு, “இதுக்கு செலவு பண்றதா? எடைக்குப் போட்டுட்டு வேற வண்டி பாருங்க சார்”னு ஈஸியா சொல்லிட்டுப் போயிட்டார். சித்தப்பா முகத்தை நீங்க பார்த்திருக்கணும். தாத்தா போன வருஷம்தான் இறந்துபோனார். அவர் உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கின டிரைவர் சீட்டைக்கூட சித்தப்பா இன்னும் மாத்தலை. அதைப் போய் எடைக்குப் போடறதா?

“நீ மெக்கானிக்கல்தானே படிக்கற? ஏதாவது வழி பாருடா”ன்னார். மூணு வருஷமா தெர்மோடைனமிக்ஸ் படிச்சவனுக்கு ஒரு பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு தெரியலை. ஆனா, புதுப்பேட்டைக்கு பஸ் ரூட் தெரியும். கிளம்பிட்டோம்.

பூட்டுக்குள்ள என்னதான் இருக்கு?

பிளாட்ஃபார்ம்ல ஒரு மர மேஜை. அதுல ஒரு வைஸ், விதவிதமான அரம், ஆணி மாதிரி நீட்டிட்டு இருக்கற கம்பியில நூத்துக்கணக்குல வெட்டாத சாவிகள். பின்னால ஒரு பெரியவர். எல்லோரும் ‘பாய்’னுதான் கூப்பிடறாங்க. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

எனக்கு பூட்டுப் பாடம் எடுத்தவர் அவர்தான். ஒரு பழைய கார் பூட்டைப் பிரிச்சு உள்ளங்கையில கொட்டினார். குட்டிக் குட்டியா பித்தளைத் தகடுகள். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு செவ்வக ஓட்டை, பக்கத்துல முடி மாதிரி ஒரு ஸ்பிரிங். இதுக்கு ‘வேஃபர்’னு பேர். ஆமாங்க, ஐஸ்கிரீம்ல செருகித் தருவாங்களே, அதே பேர்தான்!

விஷயம் இதுதான். பூட்டுக்குள்ள ஒரு உருளை. அதுல இந்தத் தகடுகள் வரிசையா நிக்கும். சாவி இல்லாதப்போ ஸ்பிரிங் தள்ளி, தகடு உருளைக்கு வெளியே நீட்டிட்டு நிக்கும். வெளிக்கூட்டுல இருக்கற பள்ளத்துல மாட்டிக்கும். உருளை திரும்பாது. சரியான சாவியை விட்டா, அதோட மேடு பள்ளம் ஒவ்வொரு தகட்டையும் அதுக்கு வேண்டிய அளவுக்கு நகர்த்தி, எல்லாத்தையும் உருளைக்குள்ள அடக்கிடும். ஒரே ஒரு தகடு துளி நீட்டிட்டு இருந்தாலும் பூட்டு அசையாது. நம்ம கிளாஸ்ல ஒருத்தன் மட்டும் மாஸ் பங்க்குக்கு ஒத்துக்கலைன்னா மொத்த பிளானும் காலியாகுமே... அந்த மாதிரி!

தகட்டு ஓட்டையோட உயரம் நாலு அளவுல வரும், ஆறு தகடு இருக்குன்னு வெச்சுக்குங்க. கணக்குப் போட்டா நாலைத் தானே ஆறு தடவை பெருக்கணும்... 4,096 விதமான சாவி. நிஜத்துல இவ்வளவு வராது. ஒரு பெரிய பள்ளத்துக்குப் பக்கத்துலயே பெரிய மேடு வந்தா சாவி உள்ளே வழுக்கிப் போகாம சிக்கும். அதனால பல கூட்டணிகளைத் தயாரிக்கும்போதே கழிச்சுடுவாங்க. பழைய பிரிட்டிஷ் கார்கள்ல நிலைமை இன்னும் மோசம். அங்கே ரொம்பப் பிரபலமான ‘எஃப்.எஸ்.’ வரிசை சாவி 876-ல ஆரம்பிச்சு 955-ல முடியும். மொத்தமே 80 விதம்தான்! பார்க்கிங்ல நிக்கற இன்னொரு காரை உங்க சாவியே திறந்துட்டா ஆச்சர்யமில்லை.

தேய்மானம் வேற இருக்கு. இருபது வருஷம் ஓடின வண்டியில சாவியும் தேயும், தகடும் தேயும். ரெண்டும் சேர்ந்து தேயறதால உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனா, தேஞ்ச சாவியைக் கொடுத்து டூப்ளிகேட் போட்டா, தேய்மானத்துக்கும் சேர்த்து டூப்ளிகேட் கிடைக்கும். நாலாவது காப்பி எடுக்கும்போது அது பூட்டுக்குள்ள போகும், திரும்பாது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த செமஸ்டர் நோட்ஸ் கதைதான்! அதனாலதான் பல கார்கள்ல சாவி எண்ணை கதவுப் பூட்டு உருளையிலயோ, வண்டி வாங்கும்போது கொடுக்கற சின்ன உலோகத் தகட்டுலயோ பொறிச்சிருப்பாங்க. அந்த எண் கிடைச்சா தேயாத, புது அளவுல சாவி வெட்டலாம்.

“வண்டி யாரோடது?”

பாடம் முடிஞ்சுது. “சரி பாய், எப்போ வர்றீங்க?”ன்னு கேட்டார் சித்தப்பா. பாய் அரத்தைக் கீழ வெச்சார்.

“வண்டி யாரோடது?”

“என்னுதுதான்.”

“ஆர்.சி. காட்டுங்க.”

சித்தப்பா தயங்கித் தயங்கி எடுத்து நீட்டினார். அதுல தாத்தா பேர்! தாத்தா போனதுக்கு அப்புறம் பேர் மாத்தவே இல்லை. “ஆபீஸ்ல லீவு கிடைக்கலை, வேலை வந்துடுச்சு”ன்னு வீட்டுல ஆயிரம் காரணம் சொல்லிட்டு இருந்தார். ஆனா, அந்தப் பேரை அழிக்க அவருக்கு மனசு வரலைங்கறது எங்க எல்லோருக்கும் தெரியும்.

“இது உங்க பேர் இல்லையே. ஆள் மாறினா சாவி போட மாட்டேன் சார். தப்பா நினைக்காதீங்க. இன்னிக்கு உங்களுக்குப் போடுவேன். நாளைக்கு ஒருத்தன் அடுத்தவன் வண்டிக்கு சாவி கேட்டு வருவான். அவனுக்கும் போடணும்ல?”

குரல்ல கோபமே இல்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாம நின்னார். அப்புறம் பர்ஸைத் திறந்து தன்னோட டிரைவிங் லைசென்ஸை எடுத்தார். அதுல அவர் பேருக்குக் கீழ, அப்பா பேர். பாய் கண்ணாடியை இறக்கி ரெண்டு அட்டையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தார். விலாசமும் ஒண்ணு.

“அப்பா வண்டியா?”

“ஆமா பாய்.”

“இறந்துட்டாரா?”

சித்தப்பா தலையை மட்டும் ஆட்டினார். பாய் பையை எடுத்துத் தோள்ல மாட்டிட்டு, “வாங்க போலாம். ஆனா, பேரை மாத்திருங்க சார். அப்பா பேர் உங்க லைசென்ஸ்லயே இருக்கே, அது எங்கயும் போயிடாது”ன்னார். மனுஷன் பூட்டை மட்டும் திறக்கற ஆள் இல்லைன்னு அப்பவே புரிஞ்சுது.

பூட்டை மாத்தவும் சாவி வேணும்!

குரோம்பேட்டை போய்ச் சேர்ந்ததும்தான் நிஜமான சிக்கல் புரிஞ்சுது. “பழசு தொலைஞ்சுதுன்னா புதுப் பூட்டு போட்டா முடிஞ்சுது”ன்னுதானே நீங்க நினைக்கறீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா, கார்ல சாவித் துவாரம் ஒண்ணு இல்லை. ரெண்டு கதவு, டிக்கி, இக்னிஷன்னு நாலு இடம். கதவுல இருக்கறதைக் கழட்டறது சுலபம். இக்னிஷன் அப்படி இல்லை. அது ஸ்டீயரிங்கையும் சேர்த்துப் பூட்டுது. சாவி இல்லாம திருடன் கழட்டிடக் கூடாதுன்னே, அதை மாட்டற போல்ட்டுகளோட தலை, முறுக்கும்போதே உடைஞ்சு விழற மாதிரி பண்ணியிருப்பாங்க. ஸ்பேனர் பிடிக்க இடமே இருக்காது. துளை போட்டுத்தான் எடுக்கணும்.

உள்ளே இருக்கற உருளையை மட்டும் வெளிய எடுக்கலாம்தான். ஆனா, அதுக்கு சாவியைப் போட்டு ஒரு குறிப்பிட்ட இடம் வரைக்கும் திருப்பணும். அதாவது, தொலைஞ்ச சாவியோட பூட்டை மாத்தணும்னா, முதல்ல தொலைஞ்ச சாவியைக் கண்டுபிடிக்கணும்! எப்படி இருக்கு கதை?

பாய் இதுக்கு ரூட் வெச்சிருந்தார். டிரைவர் பக்கக் கதவுப் பூட்டைக் கழட்டி, பிரிச்சு, தகடு ஒவ்வொண்ணோட அளவையும் பார்த்தார். வெட்டாத சாவியை வைஸ்ல மாட்டி அரத்தால ராவ ஆரம்பிச்சார். ராவுவார், பூட்டுல விட்டுப் பார்ப்பார், வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பார், மறுபடி ராவுவார். கம்ப்யூட்டர் இல்லை, மெஷின் இல்லை. மெட்ராலஜி லேப்ல வெர்னியர் காலிப்பரைப் பிடிக்கவே கை நடுங்கற என்னை மாதிரி ஆளுக்கு அது தனி கிளாஸ். அரை மணி நேரத்துக்குள்ள சாவி ரெடி. இக்னிஷன்ல விட்டுத் திருப்பினார். டேஷ்போர்டுல சிவப்பு லைட் எரிஞ்சுது. சித்தப்பா முகத்துலயும்!

வேலை இன்னும் முடியலை. விலாசத்தோட தொலைஞ்ச சாவி வெளியே எங்கேயோ இருக்கே? நாலு உருளையையும் எடுத்து, உள்ளே இருந்த தகடுகளை இடம் மாத்தி அடுக்கினார். முதல்ல இருந்தது நாலாவது இடத்துக்கு, மூணாவது கடைசிக்கு... அந்தப் புது வரிசைக்கு இன்னொரு சாவி ராவினார். அவ்வளவுதான். அதே தகடு, அதே பூட்டு. ஆனா, தொலைஞ்ச சாவிக்கு இனிமே மதிப்பு ஒரு இரும்புத் துண்டு! முதல்ல செஞ்ச சாவியும் செல்லாது. அதை சித்தப்பா ஞாபகார்த்தமா எடுத்து வெச்சுக்கிட்டார்.

உங்களுக்கு நாலு வழி

உங்க வீட்டுலயும் ஒரு பழைய காரும், சாவி தொலைக்கற ஒரு பெரியவரும் இருந்தா, இதைக் கிழிச்சு பத்திரமா வெச்சுக்குங்க.

ஒண்ணு, சாவி மட்டும் செய்யறது. செலவு கம்மி. தொலைஞ்ச சாவி யார் கையிலயும் சிக்காதுன்னா இதுவே போதும்.

ரெண்டு, நாங்க பண்ணின மாதிரி தகடுகளை மாத்தி அடுக்கறது. பூட்டு நல்லா இருந்து, சாவி மட்டும் ஆபத்தான இடத்துல தொலைஞ்சிருந்தா இதுதான் பெஸ்ட்.

மூணு, புது லாக் செட். அண்ணா சாலையை ஒட்டின ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுல ஒரு ரவுண்டு அடிங்க. கார் சாமான் கடைகள் வரிசையா இருக்கும். அரசினர் தோட்டம் மெட்ரோவுல இறங்கினா பக்கம். நாலு பூட்டும் ஒரே சாவிக்கு வர்ற செட்டா, உங்க வண்டி வருஷத்துக்குப் பொருந்துமான்னு கேட்டு வாங்குங்க.

நாலு, புதுப்பேட்டையில உடைச்ச வண்டியோட பழைய செட். உருளையும் சாவியும் ஒரே வண்டியில இருந்து வந்ததான்னு கடையிலயே போட்டுத் திருப்பிப் பாருங்க. அந்த வண்டியோட இன்னொரு சாவி பழைய ஓனர் வீட்டுல தூங்கிட்டு இருக்கலாம்ங்கறதையும் மறக்காதீங்க. முக்கியமா, பில் கேளுங்க. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சே வாங்கினா, பாரதிய நியாய சன்ஹிதாவோட 317-வது பிரிவு உங்களைத்தான் கூப்பிடும். ‘சீப்பா கிடைச்சுது மச்சி’ங்கறது கோர்ட்டுல எடுபடாது!

எந்த வழியா இருந்தாலும், தொலைஞ்சதும் போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வெச்சுக்குங்க. பூட்டு இறுகினா எண்ணெய் ஊத்தாதீங்க, தூசியைச் சேர்த்து கூழாக்கிடும். கிராஃபைட் தூள்தான் நல்லது. முக்கியமா, சாவிக்கொத்துல விலாசம் எழுதற பழக்கத்தை இன்னிக்கே தலைமுழுகுங்க. போன் நம்பர் போதும்.

பேர் மாத்தற விஷயம் இன்னும் முக்கியம். வண்டி ஓனர் இறந்துட்டா, வாரிசு 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரியப்படுத்தணும். மூணு மாசத்துக்குள்ள படிவம் 31-ல விண்ணப்பிக்கணும். இன்ஷூரன்ஸையும் கூடவே மாத்தணும். இல்லைன்னா விபத்து நடந்தா க்ளெய்ம் வாங்க நாக்கு தள்ளிடும்.

சிப்புக்கு அரம் செல்லாது

“இந்தத் தொழில் இன்னும் எத்தனை நாள் பாய்?”னு கேட்டேன். சிரிச்சார். “பழைய வண்டி இருக்கற வரைக்கும் தம்பி.”

அவர் சொன்னதுல ஒரு கணக்கு இருக்கு. புது கார் சாவியோட தலைக்குள்ள ஒரு குட்டி சிப் இருக்கும். அதுக்கு பேட்டரியே கிடையாது. இக்னிஷனைச் சுத்தி இருக்கற காயில்ல இருந்து மின்காந்த அலை மூலமா சக்தியை வாங்கிட்டு, தன்னோட ரகசிய எண்ணைச் சொல்லும். எண் சரியா இருந்தாதான் இன்ஜின் உயிரோட இருக்கும். இம்மொபிலைசர்னு பேர். பிரிட்டன்ல 1998-லயே புது கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கிட்டாங்க. அந்தச் சாவியை எவ்வளவு அழகா ராவினாலும் கதவு திறக்கும், வண்டி கிளம்பாது. அரத்துக்கு பதிலா லேப்டாப் வேணும்.

பழைய வண்டிகளோ குறைஞ்சுட்டே வருது. மாருதி 800-ஐயே எடுத்துக்குங்க. 1983 டிசம்பர் 14-ல இந்திரா காந்தி கையால டெல்லி ஹர்பால் சிங்குக்குக் கொடுத்த முதல் சாவியில ஆரம்பிச்சு, 25 லட்சத்துக்கும் மேல தயாரான வண்டி அது. 2014 ஜனவரியில உற்பத்தி நின்னுடுச்சு. அதே வருஷம் மே மாசம் அம்பாஸிடரும் நின்னுது. 15 வருஷம் தாண்டின காருக்குப் பதிவைப் புதுப்பிக்கற கட்டணம், 2022 ஏப்ரல்ல 600 ரூபாய்ல இருந்து 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டினதுக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000-ன்னு மாத்திட்டாங்க. புகை விடற வண்டியைக் குறைக்கணும்ங்கறதுல நியாயம் இருக்கு, மறுக்கலை. ஆனா, ஒழுங்கா பராமரிச்சு, பேருக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டற வண்டிக்கும் அதே கட்டணம்தான்.

அதனால சொல்றேன், இந்த செமஸ்டர் லீவுல மாலுக்குப் போற ஒரு நாளை புதுப்பேட்டைக்குக் கொடுங்க. மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பசங்க கட்டாயம் போங்க. கட் செக்‌ஷன் மாடலை லேப் கண்ணாடி வழியா பார்க்கறதுக்கும், எண்ணெய்ப் பிசுக்கோட கையில வாங்கிப் பார்க்கறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம். கடைக்காரங்க பிஸியா இருந்தா தொந்தரவு பண்ணாம, ஒரு டீ சொல்லிட்டு நில்லுங்க. கேட்டா சொல்லித் தர்றாங்க. காசு கேட்க மாட்டாங்க. ஆர்.சி. மட்டும் கேட்பாங்க!